நட்ட காடும் அடிமண்ணும்

மலபாரின் அங்காடிப்புரத்தில் மக்கள் நிலத்தை வெட்டிக் கல்லெடுத்துச் சுவர் எழுப்புவதைப் பிரான்சிஸ் புக்கானன் கண்டார். வெட்டும்போது கருவிக்கு இணங்கி, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும் அந்தச் செம்புரைக்கல்லைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1807-இல் அச்சேறியது. நிலவியல் நூல்களில் அக்கல்லுக்கு இடம் கிடைத்தது அக்குறிப்பின் வழியாகத்தான். அங்காடிப்புரத்திற்கு வடக்கே, இன்றைய மலப்புறம் மாவட்டத்திலேயே, சாலியாற்றின் கரையில் நிலம்பூர் உள்ளது. மலபார் ஆட்சியராக இருந்த எச். வி. கொனொலி 1840-களின் தொடக்கத்தில் அங்கே தேக்கு நடுவித்தார். உலகின் மூத்த தேக்குத் தோட்டம் எனப் போற்றப்படுவது அதுவே. வெப்பமண்டலத்தில் காடு நட்டால் அடிமண்ணுக்கு என்ன நேரும் என்ற வினாவை அந்த வட்டாரத்திலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

இவ்வினாவிற்கு நம்மிடையே ஆயத்தமாக இரண்டு விடைகள் உலவுகின்றன. தைலமரம் நிலத்தைப் பாழாக்கும் என்பது ஒன்று. எந்த மரமாயினும் நட்டாலே மண் பொன்னாகும் என்பது மற்றொன்று. இரண்டும் வளத்தை மரத்தின் இயல்பாகக் கருதுகின்றன. மரத்திற்கு அப்படி ஓர் இயல்பு இல்லை. மண்ணுக்குள் வருவது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, இடையில் மரத்தின் உடலில் தங்குவது எவ்வளவு என்ற கணக்கே வளம். அக்கணக்கில் மரம் ஒரு பங்காளி. மழை, நெருப்பு, கோடரி, பாரவண்டி ஆகியவை ஏனைய பங்காளிகள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். வெப்பமும் பெருமழையும் பல நூறாயிரம் ஆண்டுகள் ஒரே நிலத்தின்மீது செயற்படும்போது பாறையின் கனிமங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து நீங்குகின்றன. சுண்ணச்சத்தும் மெக்னீசியமும் சாம்பல்சத்தும் நீரோடு போய்விடுகின்றன. மணற்பொருளான சிலிக்காவும் மெல்லக் கரைகிறது. எஞ்சுவன இரும்பும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கூடிய துருப்பொருள்களும் வெளுத்த களியும் ஆகும். செம்மண்ணின் செந்நிறம் வளத்தின் நிறம் அன்று, இழப்பின் மிச்சம். இத்தகைய களிக்குச் சத்துகளைப் பற்றி வைத்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. சுண்ணமும் சாம்பல்சத்தும் அதில் ஒட்டாமல் நழுவ, மணிச்சத்து மட்டும் இரும்பு, அலுமினியத் துருப்பொருள்களோடு இறுகப் பிணைந்து வேருக்கு எட்டாமற் போகிறது. இருக்கும் பற்றுதிறனில் பெரும்பகுதி இலைதழை மக்கிய கருமண்ணைச் சார்ந்தது. ஒரு சாண் ஆழத்திற்குள் அடங்கும் அந்தக் கருமண் அழிந்தால் எஞ்சுவது வெறுங்களி. வெப்பமண்டல மண் எல்லாமே இப்படி என்று கொள்ளலாகாது. எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களும் ஆற்று வண்டல் படிந்த கரைகளும் விதிவிலக்குகள். கொனொலியின் முதல் தோட்டம் ஆற்று வண்டலின்மீது அமைந்தது என்பதைப் பின்னால் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்துணை வறிய மண்ணில் வானளாவிய மழைக்காடு எப்படி நிற்கிறது? பெட்டியில் ரொக்கம் வைக்காமல் அன்றன்றைய கைமாற்றிலேயே பெருவணிகம் நடத்துபவனைப் போல நிற்கிறது. உதிர்ந்த இலை வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதங்களில் மக்குகிறது. அதிலிருந்து விடுபடும் சத்தை மேற்பரப்பிலேயே பின்னிக் கிடக்கும் மெல்லிய வேர்களும், அவற்றோடு ஒன்றி வாழும் வேர்ப்பூஞ்சைகளும், மழை அடித்துச் செல்லுமுன் வாங்கிக்கொள்கின்றன. சத்தின் பெரும்பங்கு உயிருள்ள உடல்களிலும் மக்கும் சருகிலும் சுழல்கிறது. இச்சுழலை வெட்டி நிறுத்திவிட்டு அவ்விடத்தில் ஒரே இன மரத்தை வரிசையாக நடுவதுதான் தோட்டக்காடு.

இங்கே சத்துகளை அவற்றின் பிறப்பிடம் நோக்கி இரு கூறாகப் பிரிப்பது இன்றியமையாதது. இக்கட்டுரை முழுவதும் இப்பிரிவின்மீதே நிற்கிறது. கரிமம் காற்றிலிருந்து வருவது. எந்த மரமும் அதை ஒளியின் துணையால் ஈர்த்துக்கொள்ளும். நைட்ரஜன் என்னும் தழைச்சத்தும் காற்றில் நிரம்பிக் கிடக்கிறது. ஆயினும் வேர்முடிச்சில் நுண்ணுயிர்களைக் குடிவைத்துள்ள சில இனங்களுக்கு மட்டுமே அது வசப்படும். இவ்விரண்டையும் மரம் மண்ணுக்குப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க முடியும். மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணச்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றின் நிலை வேறு. அவை பாறையில் பிறந்தவை. மழைநீரும் காற்றில் வரும் தூசும் கொண்டுவரும் சிற்றளவு தவிர, மண்ணில் உள்ளதே உள்ளது. எந்த மரமும் அவற்றை உண்டாக்குவதில்லை. ஆழத்திலிருந்து மேலே, மண்ணிலிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து சருகுக்கு என இடம் மாற்றவே முடியும். தண்டை வெட்டி வண்டியில் ஏற்றினால் அவை அந்த நிலத்தை விட்டே போய்விடும்.

இனி நிலம்பூர். கப்பல் கட்டுவதற்கு மலபார்த் தேக்கு வேண்டும்; இயற்கைக் காட்டின் தேக்கோ வெட்டி வெட்டி அருகிவிட்டது. ஆகவேதான் கொனொலி நடத் துணிந்தார். விதை முளைக்க மறுத்த தொடக்கக்காலத் தொல்லைகளைக் கடந்து தோட்டத்தை நிலைநிறுத்தியதில் அவர் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனோனின் உழைப்பு பெரிது. கொனொலி 1855-இல் கோழிக்கோட்டில் கொலையுண்டார், தோட்டங்கள் வளர்ந்தன. பின்னர் அவை வெட்டப்பட்டு, அதே நிலத்தில் இரண்டாம் முறையும் தேக்கு நடப்பட்டது. சில இடங்களில் இரண்டாம் தலைமுறை முதலாவதைப் போல ஓங்கவில்லை என்ற பேச்சு எழுந்தது. தனித் தேக்குத் தோட்டங்கள் மண்ணைக் கெடுக்கின்றனவா என்ற வழக்கு சென்னை மாகாணத்தில் மட்டுமன்றிப் பர்மாவிலும் சாவகத்திலும் வனவியலாரிடையே நடந்தது. எம். வி. லாரி, ஏ. எல். கிரிஃபித் ஆகிய இருவரும் 1942-இல் அச்சிக்கலையே தலைப்பாகக் கொண்டு ஆய்வறிக்கை வெளியிட்டனர்.

வழக்கின் இரு பக்கத்தாரும் தேக்கையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினர். மண்ணில் நிகழ்வதை ஆண்டின் வரிசையில் வைத்துப் பார்த்தால் பொறுப்பு பலருக்குப் பகிர்ந்து போகிறது. மார்கழி தொட்டு மாசிக்குள் தேக்கு இலை உதிர்க்கிறது. அதன் இலை பெரிது; சுண்ணச்சத்து மிகுந்தது. அந்தச் சருகு ஈரம் கண்டு மக்குமாயின் மண்ணின் புளிப்பு தணியும். மேல்மண்ணில் சுண்ணம் ஏறும். ஆனால் சருகு விழும் காலம் வறட்சிக்காலம். மாசி, பங்குனியில் காட்டுத்தீ ஓடுகிறது. நெருப்பில் தழைச்சத்தும் கந்தகமும் காற்றோடு போகின்றன. சுண்ணமும் சாம்பல்சத்தும் சாம்பலாய்க் கிடக்கின்றன. ஆனி பிறக்கும் முன்பே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. மூடிய சருகும் இல்லை, தடுக்கும் கீழ்ச்செடியும் இல்லை. முதல் பெருமழை சாம்பலையும் அதன் கீழுள்ள கருமண்ணையும் சேர்த்து ஓடைக்கு இறக்கிவிடுகிறது.

இதில் தேக்கின் இலைக்கும் ஒரு பங்கு உண்டு. மரக்கவிகை மழையின் வேகத்தைத் தணித்து மண்ணைக் காக்கும் என்பது பொது நம்பிக்கை. இயன் கால்டர் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் மழைத்துளியின் அளவை அளக்கும் கருவி கொண்டு மரங்களை ஒப்பிட்டபோது, அந்நம்பிக்கை எல்லா மரத்துக்கும் பொருந்தாது என்று கண்டனர். ஊசியிலை மரத்திலிருந்து சொட்டும் துளி சிறிது. தேக்கிலையின் அகன்ற பரப்பில் சிறு துளிகள் திரண்டு பெருந்துளியாகி விழுகின்றன. உயர்ந்த கிளையிலிருந்து விழும் துளி தரையை அடையுமுன் இழந்த வேகத்தைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்கிறது. கரீபியப் பைன் மரத்தின் கீழ் விழும் துளிகளைவிடத் தேக்கின் கீழ் விழும் துளிகள் மண்ணை மோதும் ஆற்றல் பன்மடங்கு என்பது அவர்கள் அளந்த முடிவு. இருந்தும் இது தேக்கின்மீதான தீர்ப்பு ஆகாது. தரையில் நான்கு விரற்கடை சருகு கிடந்தால் எப்பெருந்துளியும் அதில் உடைந்து ஒழியும். எரியாத தேக்கங்காட்டில் மண் அரிப்பு அச்சந்தரும் அளவில் நிகழ்வதில்லை. எரிந்த காட்டில்தான் பெரிய இலை பகையாகிறது.

இதற்கு மேல் இளந்தோட்ட வரிசைகளுக்கிடையே பயிர் செய்யும் முறை ஒன்று பர்மாவிலிருந்து வந்தது. கேரளத் தோட்டங்களில் மரவள்ளி நட்டார்கள். கிழங்கு தோண்டும் ஒவ்வொரு முறையும் சரிவு நிலத்தின் மேல்மண் கிளறப்பட்டு மழைக்கு இரையாயிற்று. பீச்சியில் 1975-இல் தொடங்கிய கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த அரிப்பையும் தேக்குத் தோட்ட மண்ணின் நிலையையும் அளந்து பார்த்தது. அருகிலுள்ள இயற்கைக் காட்டோடு ஒப்பிட்டால் தோட்ட மண் இறுகியிருப்பதும் மக்குப்பொருள் குறைந்திருப்பதும் இத்தகைய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவன.

இரண்டாம் தலைமுறை குன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் கருத்தில் முதன்மையானது அதுவே. முதல் தேக்கு நடப்பட்டது தேக்கு ஆக்கிய மண்ணில் அன்று. பன்னூற்றாண்டுக் காலம் இயற்கைக் காடு சேர்த்து வைத்த கருமண்ணில், அதுவும் தேர்ந்தெடுத்த ஆற்றுக்கரை வண்டலில் அது வளர்ந்தது. அதன் ஓங்கிய உயரம் பழங்காடு விட்டுச் சென்ற செல்வத்தின் அளவு. அதை அளவுகோலாக வைத்து இரண்டாவதை அளந்தால் இரண்டாவது குறையாமல் என் செய்யும்? தொடக்கத்தில் மண் எப்படி இருந்தது என்பதற்கோ பதிவு இல்லை. லீபிக் என்னும் செருமானிய வேதியியலார் தாவர உணவு மண்ணின் கனிமங்களே என்று நிறுவிய நூல் 1840-இல்தான் வெளிவந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் மண்ணையும் தானியத்தையும் குப்பியிலிட்டுச் சேமிக்கும் வழக்கம் 1843-இல் தொடங்கியது. நிலம்பூரில் நாற்று ஊன்றப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்திருந்தால் நூறாண்டு வழக்கு ஒருநாளில் தீர்ந்திருக்கும்.

ஆகவே, மரத்தின் செயலை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால் ஒரே மண்ணில், ஒரே நாளில், அடுத்தடுத்த கட்டங்களில் வெவ்வேறு இனங்களை நட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தகைய சோதனைகள் உலகில் மிகச் சில.

அவற்றுள் ஒன்று ஹவாய்த் தீவில் 1982-இல் தொடங்கியது. கரும்பு விளைந்து கைவிடப்பட்ட எரிமலைச் சாம்பல் மண்ணில் தைலமரம் எனப்படும் யூகலிப்டசையும், பயறு வகையைச் சேர்ந்த அல்பீசியாவையும் தனித்தனியாகவும் பல விகிதங்களில் கலந்தும் நட்டார்கள். அல்பீசியா காற்றின் தழைச்சத்தைப் பிடிப்பது. யூகலிப்டசுக்கு அத்திறன் இல்லை. ஈரம் மிகுந்த கடற்கரைச் சரிவில் மூன்றில் ஒரு பங்கு அல்பீசியா கலந்த கட்டங்கள், உரமிட்ட தனி யூகலிப்டஸ் கட்டங்களுக்கு இளைக்கவில்லை. யூகலிப்டஸ் மரங்களே அங்கு மேலும் தடித்தன. அல்பீசியா நின்ற இடத்தில் மண்புழுக்கள் பெருகின. மண்ணில் கரிமம் கூடியது. இதுவரை எல்லாம் நற்செய்தி.

டான் பிங்க்லி முதலானோர் அதே மண்ணைத் தொடர்ந்து அளந்தபோது மற்றொரு பக்கம் வெளிப்பட்டது. எட்டே ஆண்டில் இரு மரங்களின் கீழும் மண் புளித்திருந்தது. தொடக்கத்தில் ஆறை ஒட்டியிருந்த அமில கார எண், யூகலிப்டசின் கீழ் ஐந்துக்கும் அல்பீசியாவின் கீழ் அதனினும் தாழ்ந்தும் இறங்கியிருந்தது. காரணம் தெளிவு. வேர் சுண்ணம், சாம்பல்சத்து போன்ற நேர்மின் அயனிகளை மிகுதியாக உறிஞ்சும்போது மின்சமநிலைக்காக அமிலத்தின் அயனிகளை வெளியிடுகிறது. தழைச்சத்து பெருகிய மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகையில் மேலும் அமிலம் பிறக்கிறது. மரம் பயன்படுத்தாத நைட்ரேட்டு மழையில் இறங்கும்போது சுண்ணத்தையும் மெக்னீசியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. மணிச்சத்தும் அவ்வாறே. அல்பீசியா மிகுந்த கட்டங்களில் சருகின் வழியே மணிச்சத்து விரைந்து சுழன்றது. ஆனால் மண்ணில் எளிதிற் கிடைக்கும் மணிச்சத்து குறைந்தது. காற்றிலிருந்து ஒரு சத்தை வாரிக் கொணர்ந்த மரம், பாறைச் சத்துகளின் தேவையை அதே அளவில் உயர்த்திவிட்டது. தழைச்சத்துப் பஞ்சம் தீர்ந்த இடத்தில் மணிச்சத்துப் பஞ்சம் தலைகாட்டுகிறது.

அல்பீசியாவின் கதை தோட்ட எல்லையோடு முடியவில்லை. அது காற்றில் விதை பரப்பி, அண்மைக்கால எரிமலைக் குழம்பு இறுகிய நிலங்களில் புகுந்தது. அந்நிலங்களின் சொந்த மரமான ஓஹியா தழைச்சத்து அறவே அற்ற கரும்பாறையில் மெல்ல வளர்ந்து பழகியது. அல்பீசியா சருகு கொட்டி அப்பாறையை வளமாக்கியது. வளம் கண்டதும் அயல்நாட்டுக் கொய்யா போன்ற வேகமான செடிகள் ஏறி, ஓஹியாவை நெருக்கின. மண்வளம் கூடுவதெல்லாம் நன்மை என்று எண்ணும் நமக்கு ஹவாய் சற்றே சங்கடமான சான்று.

எரிமலை மண்ணுக்கு நேர்மாறானது காங்கோ நாட்டின் புவாந்த்நுவார் கடற்கரையை அடுத்த மணல்நிலம். களி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்டுதோறும் எரியும் புல்வெளி. விளைச்சலுக்கு ஆகாத பூமி. அங்கு 1978 முதல் யூகலிப்டசின் கலப்பினக் கன்றுகளைப் பெருமளவில் நட்டு, ஏழாண்டுக்கு ஒருமுறை வெட்டினார்கள். முதலில் மரம் நன்றாகவே வளர்ந்தது. புல்வெளியில் தானே முளைத்துக் கிடந்த சிறு பயறுச்செடிகள் பிடித்து வைத்த தழைச்சத்து அதற்கு உதவியது. மரநிழலில் அச்செடிகள் மறைந்தன. ஒவ்வொரு வெட்டும் தழைச்சத்தைக் கொண்டுபோயிற்று. லக்ளோ என்னும் பிரஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவினரும் மழை, சருகு, வேர், ஆழத்து நீர் என ஒவ்வொரு வாயிலிலும் அளந்து, வரவைவிடச் செலவு மிகுவதைக் காட்டினார்கள். பின்னர், காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் அக்கேசியா மாஞ்சியத்தைச் சரிபாதியாகக் கலந்து நட்டபோது ஏழாண்டு முடிவில் மேல் 25 சென்டிமீட்டர் மண்ணில் இருந்த கரிமம், தனி யூகலிப்டசின் கீழ் எக்டருக்கு ஏறத்தாழ 16 டன்னாகவும் கலப்புத் தோட்டத்தில் ஏறத்தாழ 18 டன்னாகவும் இருந்தது. இரண்டு டன் பெரிதன்று என்று தோன்றலாம். பற்றுதிறனுக்குக் களியை நம்ப வழியில்லாத மணலில் அது பெரிதே. மணிச்சத்து அங்கும் அக்கேசியாவின் கீழ்க் குறையத் தொடங்கியது.

காங்கோவின் கலப்புத் தோட்டத்தில் மரமும் பெருகியது. இதே கலப்பைப் பிரேசிலின் இத்தாட்டிங்காவில் நட்டபோது அப்பெருக்கம் வாய்க்கவில்லை. அங்கு மண்ணின் தழைச்சத்துத் தட்டுப்பாடு அவ்வளவு கடுமையன்று. வேகமாக எழுந்த யூகலிப்டசின் நிழலில் அக்கேசியா ஒடுங்கியது. ஓரிடத்து மருந்தை மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்லுமுன் அங்குள்ள குறை எது என்று பார்த்தாக வேண்டும்.

மரத்தின் எந்த உறுப்பு மண்ணை ஆக்குகிறது என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரிவது சருகு; ஆகவே சருகுக்கே பெருமை சேர்கிறது. கோஸ்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில், மேய்ச்சலுக்குப் பயன்பட்டுக் கைவிடப்பட்ட மழைநிலத்தில், 1988-இல் பல இனங்களைத் தனித்தனிக் கட்டங்களாக நட்டார்கள். பதினைந்து ஆண்டு கழித்து ஆன் ரஸ்ஸல் குழுவினர் மண்ணை ஆய்ந்தபோது கட்டத்துக்குக் கட்டம் மண் மாறியிருந்தது. மண்ணின் கரிமம் எங்கே மிகுந்திருந்தது என்று தேடினால், சருகு மிகுதியாக விழுந்த இடங்களில் அன்று. மெல்லிய வேர் மிகுதியாக வளர்ந்து மடிந்த இடங்களில். மேலே கிடக்கும் சருகின் கரிமத்தில் பெரும்பகுதி நுண்ணுயிரின் மூச்சாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. மண்ணுக்குள்ளேயே மடியும் வேர், களித்துகளோடு ஒட்டித் தங்குகிறது. அக்கட்டங்களில் ஒன்றில் நின்ற வோகீசியா என்னும் மரத்திற்கு வியப்பான ஒரு பழக்கம் உண்டு. புளித்த மண்ணில் ஏனைய செடிகளின் வேரைக் கருக்கும் அலுமினியத்தை அது உறிஞ்சித் தன் இலையில் சேர்த்து வைக்கிறது. அதற்கு அது நஞ்சன்று.

ஆழவேர் பற்றிய புகழ்ச்சிக்கும் எல்லை வகுக்க வேண்டும். மரம் ஆழத்துச் சத்தை மேலே இறைத்துத் தரும் என்பார்கள். ஆழத்தில் இறைக்கத்தக்கது ஏதேனும் இருந்தால்தானே? பல கெசம் ஆழத்துக்குக் கழுவப்பட்டுவிட்ட செம்மண்ணில் வேர் எவ்வளவு இறங்கினாலும் வெறுங்களிதான் எதிர்ப்படும். இறைப்பு மெய்யாகவே நிகழ்ந்த இடம் மேற்குக் கென்யா. மக்காச்சோள நிலங்களின் அடிமண்ணில், பயிரின் வேருக்கு எட்டாத ஆழத்தில், நைட்ரேட்டு இறங்கித் தங்கியிருந்தது. நம் நாட்டில் வெற்றிலைக் கொடிக்கால்களில் நிழலுக்கு வளர்க்கும் சித்தகத்தியை அங்கு இடைக்காலப் பயிராக விட்டபோது அதன் வேர் இறங்கி அந்த நைட்ரேட்டை மேலே கொணர்ந்தது. இழந்த சத்து அடியில் காத்திருந்ததால் மீட்க முடிந்தது.

இவ்வளவும் மரம் நிற்கும்போது நடப்பவை. கணக்கு முடிவது மரம் விழும்போது. தண்டின் எடை பெரிது. ஆனால் வயிரக்கட்டையில் கரிமமே மிகுதி, சத்து சொற்பம். இலை, சிறு கொம்பு, பட்டை ஆகியவற்றின் எடை குறைவு, சத்து செறிவு. தேக்கிலும் யூகலிப்டசிலும் சுண்ணத்தின் கணிசமான பகுதி பட்டையில் அடங்கியிருக்கிறது. ஆகவே தண்டை மட்டும் எடுத்துச் செல்வதற்கும், கொம்பும் தழையும் பட்டையும் சேர்த்து வாரிச் செல்வதற்கும் மண்ணின் பார்வையில் பெருத்த வேறுபாடு. காங்கோவின் அதே மணல்நிலத்தில் வெட்டியபின் தழைகூளத்தை முற்றிலும் அகற்றிய கட்டங்களில் அடுத்த சுழற்சியின் மரங்கள் வெகுவாகக் குன்றின. கூளத்தை விட்டு வைத்த கட்டங்களில் தழைத்தன. வளமான மண்ணில் இவ்வேறுபாடு சில சுழற்சிகள் வரை தென்படாமலே இருக்கலாம்.

கால அளவும் கணக்கை மாற்றுகிறது. இளமரத்தில் பட்டையும் மென்கட்டையும் விகிதத்தில் மிகுதி. ஆதலால் ஒரு டன் மரத்திற்கு அது எடுத்துச் செல்லும் சத்து முதிர்மரத்தைவிட அதிகம். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் தேக்கு, வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே மழையும் தூசும் பாறைச் சிதைவும் கொடுக்கும் சிற்றளவைப் பல்லாண்டு பெற்றுக்கொள்கிறது. நான்காண்டில் வெட்டும் தோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை.

நம் கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளை இக்கண்ணால் பார்த்தால் ஒன்று புலப்படும். சவுக்கு பயறு வகை அன்று. எனினும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரை வேர்முடிச்சில் குடிவைத்துக் காற்றின் தழைச்சத்தைப் பிடிப்பது. மணற்பாங்கான கரையில் அது செழிப்பதன் உட்பொருள் இது. ஆனால் தோப்பின் அடியில் உதிரும் ஊசிச் சருகை அடுப்புக்காக வாரி எடுத்துவிடுகிறோம். வெட்டும்போது கழி ஆலைக்கும் சாரத்துக்கும் போக, மிலாறு விறகுக்குப் போகிறது. வேர்க்கட்டையையும் தோண்டி விற்பது உண்டு. காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்தும், மணலில் இருந்த சிறிதளவு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இவ்வாறு தவணை தவணையாக வெளியேறுகின்றன. சருகு வாரும் ஏழைப் பெண்ணைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு எரிபொருள் கிடைக்கச் செய்வதும் மண் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

இதே கரையில், விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில், எதிர்த்திசையில் சென்ற முயற்சியைக் காணலாம். 1968-இல் அவ்வூர் தொடங்கியபோது அது மழைநீர் அறுத்த ஓடைகள் ஓடும் வெட்டவெளிச் செம்மேடு. முதலில் வரப்பு எழுப்பி மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு காதிலை அக்கேசியா என்னும் ஆத்திரேலிய மரத்தை நிறைய நட்டார்கள். வேலைமரம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் இலைபோலத் தோன்றுவது உண்மையில் தட்டையாய் விரிந்த இலைக்காம்பு. தடித்தது, மெல்ல மக்குவது. மெல்ல மக்குவது குறையென்று கூறும் ஆய்வாளர் உண்டு. வெற்றுத்தரையை மழையிலிருந்து மூட வேண்டிய இடத்தில் அதுவே வேண்டும். மரத்தை விற்பதற்காக நடாததால் சருகு அங்கேயே கிடந்தது. அந்நிழலில் அப்பகுதிக்கு உரிய உலர்பசுமைக் காட்டு மரங்களை நட்டு வளர்த்தார்கள். 2011 திசம்பர் இறுதியில் தானே புயல் கரையைக் கடந்தபோது வேலைமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கீழிருந்த உள்ளூர் மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. சாய்ந்தவற்றின் கொம்பும் இலையும் மக்குவதற்கு அதே செம்மண்ணில் கிடந்தன.